வலப்பக்கம் மடிவது

செப்டம்பர் 3, புதன்

தினமும் எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊசி போடும் டாக்டர் இல்லை. எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டும் டாக்டர். கோமதி பிடித்துக் கொடுத்தவர். அன்றன்று என்ன உணர்கிறேனோ அதை எழுத வேண்டுமாம். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். நல்லதாகப் போயிற்று, அவருக்குப் படிக்க வராது.

இன்றைய உணர்ச்சி: பசி. கோமதி உப்புமா கிண்டினாள். அந்த உணர்ச்சியும் போய்விட்டது.

சாப்பிடும்போது சேதி சொன்னாள். இருபத்தேழாம் தேதி அவளுடைய அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டையிலிருந்து இங்கே டெக்சாஸுக்கு வருகிறார்கள். அக்டோபர் ஐந்து வருஷத் திதி. மாடி அறையில் தங்குவார்களாம்.

“பரிதி ரூம்ல அந்தத் துப்பாக்கி நிக்குதுல்லா, அது அங்க இருக்கக் கூடாது. எங்கம்மா அலமாரியத் தொறந்து பாத்தான்னா பயந்தே போயிருவா. வேலாயுதம் தம்பி வீட்டுல குடுத்து வைங்க.”

பெயரைச் சொல்லிவிட்டாள். ஒரு வருஷமாக என் வாயில் வராத பெயரை, உப்புக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

என் வீட்டுத் துப்பாக்கி எதற்குச் சகலை வீட்டுக்குப் போக வேண்டும்? எங்கள் படுக்கையறையில் பாஸ்போர்ட், நகை வைக்கும் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதில் வைத்துப் பூட்டுகிறேன் என்றேன்.

“அதுக்குள்ள எப்படிப் போவும்? நீளமால்லா இருக்கு.”

“மடக்கி வைப்பேன்.”

அடுப்பில் பொங்கப்போகும் பாலைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். “சரி. அப்பா வாரதுக்குள்ள பெட்டிக்குள்ள போயிரணும். போவலன்னா தம்பி வந்து எடுத்துட்டுப் போயிருவாரு. நான் அவருகிட்ட ஏற்கெனவே சொல்லி வச்சிட்டேன்.”

ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாளாம். என் வீட்டில் எனக்குக் கடைசியாகத்தான் சேதி வருகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

அளந்து பார்த்தேன். துப்பாக்கி பெட்டியைவிட நான்கு விரற்கடை நீளம். நான்கு விரற்கடைக்காகச் சகலையிடம் கை கட்டி நிற்க மாட்டேன்.

உணர்ச்சி: மேலே எழுதியதுதான்.

செப்டம்பர் 6, சனி

வேலாயுதம் வந்தார். கோமதியின் தங்கை உலகம்மாளைக் கட்டியவர். நான்கு தெரு தள்ளி வீடு. சகலைகள் ஒரே ஊரில் குடியிருக்கக் கூடாது என்று டெக்சாஸில் ஒரு சட்டம் போட்டால் முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போடுவேன்.

கையில் முருங்கைக்காய்க் கட்டு. அவர் தோட்டத்தில் காய்த்ததாம். இந்த வெயிலில் எனக்குக் கறிவேப்பிலைக் கன்றே கருகுகிறது, அவருக்கு முருங்கை காய்த்துத் தொங்குகிறது.

உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். “அண்ணாச்சி, ஒங்க ரைஃபிள மத்ததுமாதிரி சும்மா மடக்க முடியாது பாத்துக்கிடுங்க. பின்கட்டைக்குள்ள ஒரு குழாய் இருக்கு, குழாய்க்குள்ள ஸ்பிரிங்கு. போல்ட்டு இல்லாம துப்பாக்கி சுடாது, அந்த போல்ட்டு சுடும்போது அதுக்குள்ளதான் போயிட்டு வரும். அதனால நடுவுல ஒரு அடாப்டர் வைக்கணும், கதவுக்குக் கீல் வைக்கமாதிரி.”

“தெரியும்,” என்றேன். தெரியாது.

“மடக்கி வச்சிக்கிட்டுச் சுடக் கூடாது.”

“நான் யாரவே சுடப்போறேன்?”

அவர் கோமதியைப் பார்த்தார். கோமதி முருங்கைக்காயைப் பார்த்தாள். என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தெரியாமல் ஒரு பேச்சு நடக்கிறது.

“எந்தப் பக்கம் மடியணும் அண்ணாச்சி? ரெண்டும் கெடைக்கும். எடமா வலமா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். வாசலில் செருப்பைப் போட அவ்வளவு நேரம் ஆகுமா ஒரு மனிதனுக்கு?

செப்டம்பர் 7, ஞாயிறு

புல் வெட்டினேன். உணர்ச்சி: இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

குப்பைத் தொட்டியை வெளியே வைத்தேன். ஆபீஸ் மீட்டிங்கில் காமிராவை அணைத்துவிட்டு அடாப்டர் பார்த்தேன்.

மூன்று வகை இருக்கிறது. ஒன்று அலுமினியம், எடை இல்லை, விலையும் இல்லை. ஆனால் நாள்பட்டால் ஆட்டம் கொடுக்குமாம். இரண்டாவது இரும்பு. ஆடாது, ஆனால் மடக்கினால் மடங்கி நிற்காது, ஊர் வீட்டுப் பட்டாசாலைக் கதவு மாதிரி தானாக வந்து முட்டும். மூன்றாவது மடக்கினாலும் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும், விரித்தாலும் பிடித்துக்கொள்ளும். விலையைப் பார்த்தால் நமக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஊரில் இருக்கிற வெட்டிப்பயல்கள் முக்கால்வாசி இங்கேதான் எழுதுகிறார்கள். ஒருவன் அட்டைப்பெட்டி நசுங்கி வந்ததற்கு ஒரு பக்கம் அழுதிருக்கிறான். இன்னொருவன் இடக்கைக்காரன். இந்த ரைஃபிள் சுட்ட தோட்டாக் கூட்டை வலப்பக்கம் துப்பும். இடத்தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு அது மூக்கை உரசிக்கொண்டு போகும். அவனுக்கு வலப்பக்கம் மடிவதுதான் வசதி என்று எழுதியிருந்தான்.

சூடான கூடு மூக்கில் பட்டால் தேய்த்துக்கொண்டு சிரிக்க வேண்டியதுதான். ‘அப்பா, இந்தக் கம்பெனிக்காரனுக்கு நம்மளக் கண்டாலே ஆகாது’ என்று சொல்ல வேண்டியதுதான்.

இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

மூன்றாவது வகையை வாங்கிவிட்டேன். வலப்பக்கம் மடிவது.

செப்டம்பர் 12, வெள்ளி

மாடி அறைக் கட்டிலில் இருந்த விரிப்பைத் துவைத்துவிட்டாள். துவைத்து, உலர்த்தி, மடித்து, கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். யாரைக் கேட்டுத் துவைத்தாய் என்று கத்தினேன். சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் நாயைக் கூப்பிடுவது போலக் கதவைத் திறந்து பார்த்தார்.

“எங்கம்மா அழுக்கு விரிப்புலயா படுக்க முடியும்?” என்றாள்.

“அது அழுக்கு இல்ல.”

“எனக்குத் தெரியாதா? தொவைக்கதுக்கு முந்தி நான் எவ்வளவு நேரம் அதுல படுத்துக் கெடந்தேன்னு நீங்க பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. பேச்சை வளர்க்காமல் கராஜுக்குப் போனேன்.

அங்கே தோட்டாப் பெட்டிகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. கேட்டால் வேலாயுதம் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போனாராம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். இரும்புப் பெட்டியின் நம்பரையும் மாற்றியிருக்கிறாள். நகை இருக்கிறது என்கிறாள். இந்த வீட்டில் நகையைத் திருட யார் இருக்கிறார்கள், நானா?

டாக்டர், எழுதிக்கொள்ளுங்கள்: கோபம்.

செப்டம்பர் 13, சனி

வேலாயுதத்தைக் கண்டால் ஏன் ஆகவில்லை என்று கோமதி கேட்டாள். காரணம் வேண்டுமாம். அந்த ஆள் எதிலும் முந்திக்கொள்வார். போன வருஷம் நெடுஞ்சாலையில் பையன் காரை லாரி இடித்தபோது போலீஸ் முதலில் அவருக்குத்தான் போன் செய்தது. காலேஜுக்குக் கிளம்பும்போது பையன் காரில் சித்தப்பா நம்பரைத்தான் எழுதி ஒட்டியிருந்தான். அப்பா போனை எடுக்க மாட்டார் என்று. ஆஸ்பத்திரிக்கு அவர் முதலில் போனார். அவர்தான் பார்த்தார். பிறகு என் வீட்டு மணியை அடித்து, செருப்பு இல்லாமல் வாசலில் நின்று, வாயைத் திறந்தார்.

அந்த வாய் திறந்தாலே எனக்கு மறுபடியும் அந்த நாள் ஆகிவிடுகிறது. இதுதான் காரணம். கோமதியிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். தலையை ஆட்டினார். கடைசியில் வீட்டில் ஆயுதம் ஏதாவது உண்டா என்று கேட்டார். தேங்காய் துருவி உண்டு என்றேன். அது என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

அடாப்டர் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிறது, கனம் தெரிகிறது. மடக்கிப் பார்த்தேன், ‘டக்’. விரித்துப் பார்த்தேன், ‘டக்’. நல்ல சத்தம். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சாமான் சொன்னபடி வேலை செய்கிறது.

பார்சலைப் பிரித்து முடிக்கவில்லை, வேலாயுதம் போன். “வந்துட்டாமே அண்ணாச்சி? சனிக்கிழம டூல்ஸோட வாரேன்.” கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி எப்படித்தான் தெரிகிறதோ. நானே மாட்டிக்கொள்வேன் என்றேன். அவர் காதில் அது விழவே இல்லை.

செப்டம்பர் 20, சனி

வந்தார். கராஜில் காற்றாடியைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை மேஜைமேல் படுக்க வைத்துப் பிரித்தார். அவருக்குக் கை சுத்தம். அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. பின்கட்டையைக் கழற்றி, அடாப்டரை வைத்து, திருகி, மடக்கிப் பார்த்தார். இன்னொரு தரம் மடக்கினார்.

“அண்ணாச்சி, இது வலப்பக்கம்லா மடியுது.”

“ஆமா.”

“இது எடக்கைக்காரனுக்கு உள்ளது. நீங்க சோத்துக்கையாலதான சுடுவீங்க?”

“தப்பா ஆர்டர் பண்ணிட்டேன்.”

“திருப்பி அனுப்பிருவோம். மாத்தித் தருவான்.”

“வேண்டாம். மாட்டும்.”

அவர் ஸ்பானரைத் தேடுகிறவர்போலக் குனிந்து மேஜைக்குக் கீழே ஏதோ பார்த்தார். ஸ்பானர் அவர் கையில்தான் இருந்தது. மூக்கை உறிஞ்சினார். அந்த மாதிரி ஆட்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். அவரவர் வீட்டில் போய் உறிஞ்ச வேண்டியதுதானே.

பிறகு போல்ட்டை வெளியே எடுத்தார். அடாப்டர் வைத்தால் அதன் வாலில் ஒரு சின்னத் துண்டு சேர்க்க வேண்டுமாம். சேர்த்துப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை, வீட்டில் அரத்தால் ராவிக் கொண்டுவருகிறேன் என்று போல்ட்டைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் பொருந்தின மாதிரிதான் தெரிந்தது. அவரை வெளியே அனுப்பினால் போதும் என்றிருந்தது, விட்டுவிட்டேன்.

துப்பாக்கி பெட்டிக்குள் போய்விட்டது. அளவெடுத்து வைத்த மாதிரி போயிற்று. கோமதி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்பரை அழுத்தினாள். அவள் கெடுவும் தீர்ந்தது. ஜெயித்தது நான்தான்.

செப்டம்பர் 24, புதன்

போல்ட் வரவில்லை. போன் செய்தேன். அரம் தேய்ந்துவிட்டதாம், புதிது வாங்க வேண்டுமாம். மூன்று துப்பாக்கி வைத்திருக்கிற ஆளிடம் ஒரு நல்ல அரம் இல்லை.

செப்டம்பர் 27, சனி

வந்துவிட்டார்கள். விமான நிலையத்தில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, இங்க மழை உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். அத்தை காரில் பின்னால் உட்கார்ந்து என் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாடி அறையில் விளக்கு எரிகிறது. அந்த ஜன்னலில் ஒரு வருஷமாக வெளிச்சம் இல்லை. புல்தரையில் நின்று பார்த்தேன். எறும்புப் புற்று இருந்ததைக் கவனிக்கவில்லை, கால் முழுக்கக் கடி.

செப்டம்பர் 30, செவ்வாய்

திதிக்கு என்னென்ன வேண்டும் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். எள், தர்ப்பை, பச்சரிசி. கோயில் ஐயர் எல்லாம் வைத்திருப்பார், நான் உட்கார்ந்தால் போதும் என்றார்.

“நான் உக்கார மாட்டேன் மாமா.”

“நீங்கதான மாப்ள உக்காரணும். வேற யாரு இருக்கா?”

அப்பனுக்கு மகன் எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் தலைகீழ். இதைச் செய்வதற்கு நான் இருக்க வேண்டுமாம். இருந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். கோமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் எழுந்து போனால் அவளும் எழுந்து வருகிறாள். பாத்ரூம் வாசலில்கூட நிற்கிறாள். இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருக்கக்கூட இந்த வீட்டில் சுதந்திரம் இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

கடைக்குப் போனேன். சின்னச் சாமான் ஒன்று வாங்கினேன். கார் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் இருக்கிறது.

போல்ட் இன்னும் வரவில்லை. கேட்டால் அரம் பார்சலில் வருகிறதாம். அதுதான் பொருந்தியிருந்ததே, அப்படியே கொண்டுவந்து தாரும், உமக்கு ஏன் இவ்வளவு சிரமம் என்றேன். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டேன். “நாளைக்குப் பாப்போம் அண்ணாச்சி” என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 3, வெள்ளி

கேட்டது தப்பு. ஒருவேளை நேற்று ராத்திரியே அவர் கோமதியிடம் கொடுத்திருப்பார், அவள் பெட்டியில் வைத்திருப்பாள். வேறு எங்கே வைப்பாள்.

அக்டோபர் 4, சனி

காலையில் எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள், நாளைய ஏற்பாட்டுக்கு. எனக்குத் தலைவலி என்றேன். கோமதி போக மாட்டேன் என்றாள். மாமா, “பத்து நிமிசத்துல வந்துரலாம், வா தாயி” என்று கூட்டிக்கொண்டு போனார். கோமதி வாசலில் நின்று யாருக்கோ போன் பேசிவிட்டுத்தான் கார் ஏறினாள்.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். அவன் பிறந்த தேதியை அழுத்தினேன், திறக்கவில்லை. கல்யாணத் தேதி, திறக்கவில்லை. அவள் எந்த எண்ணை வைத்திருப்பாள் என்று யோசித்தபோது கை தானாகப் போனது. அவன் போன தேதி. திறந்துகொண்டது. அந்தத் தேதியை நான் அழுத்தவே மாட்டேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் மட்டும் ஒவ்வொரு தரமும் அதை விரலால் அழுத்தியிருக்கிறாள்.

எதற்குத் திறந்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

துப்பாக்கி மடங்கிக் கிடந்தது. எடுத்து விரித்தேன், ‘டக்’. உள்ளே பார்த்தேன். போல்ட் இருக்க வேண்டிய இடம் ஓட்டை. பெட்டி முழுக்கத் தேடினேன், நகையை எல்லாம் தரையில் கொட்டினேன். இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அரமும் இல்லை, பார்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. துண்டு முதல் நாளே பொருந்தியிருந்தது.

வேலாயுதத்தை அடிக்க வேண்டும் என்றுதான் வெளியே வந்தேன். கார் சாவி கையில் இருந்தது. தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே, மரத்தடியில், அவர் கார் நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்தார். மடியில் தயிர்சாதப் பொட்டலம், தலைக்குப் பின்னால் ஒரு தலையணை. தலையணை போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் இது இன்றைய ஏற்பாடு மட்டும் இல்லை. கண்ணாடியை ஓங்கி அடித்தேன். இறக்கினார்.

“போல்ட்டு எங்கவே?”

“தரமாட்டேன் அண்ணாச்சி.”

“என் பொருள்வே அது.”

“ஒங்க பொருள்தான். போலீஸக் கூப்பிடுங்க, கேஸ் போடுங்க, தெருவுல வச்சு அடிங்க. தரமாட்டேன்.”

“என்னைய என்னன்னு நெனச்சீரு? யாரையாவது கொன்னுருவேன்னு நெனச்சீரா?”

“அப்படி நெனச்சிருந்தா நான் வீட்டுக் கதவப் பூட்டிக்கிட்டுல்லா இருந்திருப்பேன். இங்க வந்து எதுக்கு உக்காந்திருக்கேன்?” கண்ணாடியை இன்னும் இறக்கினார். “போன வருசம் ஒரு தடவ ஒங்க வாசல்ல வந்து சொன்னேன். திரும்ப ஒரு தடவ, அக்காகிட்டப் போயி, அதே வாசல்ல நின்னு என்னால சொல்ல முடியாது அண்ணாச்சி. என்னால முடியாது.”

நான் நடுத்தெருவில் நின்றேன். கை ஓங்கியபடி இருந்தது. அவர் அடியை வாங்கத் தயாராக முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு அழுதார். அன்றைக்கும் இப்படித்தான் நின்றார், செருப்பு இல்லாமல். அன்றைக்கு நான் அவரை உள்ளே கூப்பிடக்கூட இல்லை.

“போல்ட்டு எங்கதான் இருக்கு?” என்று கேட்டேன். சத்தியமாகத் தெரிந்துகொள்வதற்காக மட்டும்தான் கேட்டேன்.

“எனக்கே தெரியாது. ஒங்க கொழுந்தியா உலகு எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கா. ‘நீங்க இரக்கப்பட்டுக் குடுத்துருவீங்க’ன்னு என்கிட்ட சொல்ல மாட்டேங்கா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்த சிரிப்பு நிற்காமல் வேறு மாதிரி மாறிவிட்டது. ஒரு வருஷமாக அது எனக்கு வரவே இல்லை. நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தயிர்சாதத்தைக் கொட்டிக்கொண்டு ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு எழுந்து என் கார் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியில் இருந்த தோட்டாப் பெட்டியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். “இதையும் உலகுகிட்டக் குடும்.”

அவர் கையில் வாங்கி, என்ன என்று பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார். கோமதி வரும்வரை என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. எடும் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

உட்கார்ந்தேன். ஐயர் பெயர் கேட்டார். சொன்னேன். இரண்டாம் தரமும் கேட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கோபப்படாமல் இரண்டாம் தரமும் சொன்னேன். பின்னால் வேலாயுதம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் போயிற்று.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் இந்த நோட்டைக் கொண்டுபோய், இந்த ஒரு பக்கத்தை மட்டும் நானே வாசித்துச் சொல்லப்போகிறேன்.

டாக்டர், வீட்டில் ஆயுதம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஒரு ரைஃபிள். நேற்று மாலை சகலை வீட்டுக்குப் போய்விட்டது, நானேதான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அது வலப்பக்கம் மடியும். நான் வலக்கைக்காரன், எனக்கு அது உதவாது. என் மகன் இடக்கைக்காரன். அவன் பெயர் பரிதி.